முள் பொய் சொன்னால் முள்ளையா மாற்றுவது?

என் அக்கா மகன் ஒரு பழைய டீசல் பிக்கப் வைத்திருக்கிறான். இருபது வயது வண்டி. விடியற்காலையில் கத்தரிக்காயும் கீரையும் ஏற்றிக்கொண்டு இங்கே திருப்புட்குழியிலிருந்து காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டுக்குப் போவான். ஒரு நாள் பாலுசெட்டி சத்திரத்தில் நெடுஞ்சாலை ஏறிய சிறிது தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. கேஜ் முள் அரை டேங்க் காட்டிக்கொண்டிருக்கிறது. டேங்க்கில் சொட்டு டீசல் இல்லை.

பெட்ரோல் வண்டி போல் ஊற்றிவிட்டுக் கிளப்ப முடியாது. குழாயில் காற்று புகுந்துவிடும். ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். இவன் மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது வியாபாரம் முடிந்துவிட்டது. கீரை மாட்டுக்குப் போயிற்று.

அதன் பிறகுதான் உண்மையான நஷ்டம். பட்டறையில், "கேஜ் போயிடுச்சு, மாத்திடலாம்" என்றார்கள். 2,400 ரூபாய். முள் அப்படியே நின்றது. "அப்ப டேங்க் யூனிட்டும் போயிருக்கும்." இன்னொரு 1,800. மூன்று நாள் ஒழுங்காகக் காட்டியது, மறுபடி அதே அரை டேங்க். "மொத்த ஒயரிங்கும் மாத்தணும்னு சொல்றாங்க மாமா" என்று வந்து நின்றான். பழைய கேஜ் எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். எங்கள் ஊர் வறுத்த பயறு முளைக்கும் என்று நம்புகிற ஊர். மரகதவல்லித் தாயார் விஷயத்தில் எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. பட்டறைக்காரர் வாக்கை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. சோதிக்காமல் மாற்றுவதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை, சீட்டுக் குலுக்கல்.

இதில் இருப்பதே நான்கு சங்கதி. டேஷ்போர்டில் கேஜ். டேங்க்குக்குள் மிதவையோடு ஏறி இறங்கி மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் யூனிட். இரண்டையும் இணைக்கும் ஒரு ஒயர். யூனிட்டிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த். பாண்டிச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது தெக்கார்த் 1637-ல் வெளியிட்ட ஒரு சிறு நூலைச் சொல்லிக்கொடுத்தார்கள். சிக்கலை முடிந்தவரை துண்டு துண்டாகப் பிரித்துப் பார் என்பது அதில் ஒரு விதி. அரசாங்க ஆபீசிலும் அதே கதைதான். ஃபைல் நகரவில்லை என்றால் எந்த மேஜையில் நிற்கிறது என்று பார்ப்போம். எல்லா கிளார்க்கையும் மாற்றல் செய்ய மாட்டோம்.

வண்டியை வாசலில் நிறுத்தச் சொன்னேன். சாவியைப் போட்டு, டேங்க் யூனிட்டில் வரும் ஒயரைக் கழற்றினோம். முள் மேலே ஃபுல்லுக்கு ஏறியது. அதே ஒயரை ஒரு நொடி சேஸிஸில் தொட்டோம். முள் கீழே எம்ட்டிக்கு வந்தது. (சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும். முள் இரண்டு கோடிக்கும் போகிறதா என்பதுதான் கேள்வி. பெட்ரோல் வண்டியில் டேங்க் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம், பொறி ஒன்று போதும்.) ஆக, கேஜ் நல்லது, ஒயரும் நல்லது. யூனிட்டை வெளியே எடுத்து, மீட்டர் வைத்து மிதவையை மெல்ல ஏற்றி இறக்கினோம். தடை தடுமாறாமல் மாறியது. அதுவும் நல்லது. மிச்சம் எர்த்.

யூனிட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, அதன் உடம்பிலிருந்து சேஸிஸுக்கு ஒரு தனி ஒயர் பிடித்தோம். முள் தானாக இறங்கி, உள்ளே இருந்த அளவைச் சரியாகக் காட்டியது. எர்த் ஒயரின் முனை துருவில் மூழ்கிக் கிடந்தது. அந்தத் துரு கூட்டிய தடையைத்தான் கேஜ் டீசல் என்று எண்ணிக்கொண்டிருந்தது. எமரி தாளால் தேய்த்து, புது லக் போட்டு, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். ஐம்பது ரூபாய் ஆகவில்லை. யூனிட் மாற்றும்போது அந்த ஒயர் கொஞ்சம் அசைந்திருக்க வேண்டும், அதனால்தான் அந்த மூன்று நாள் நிம்மதி.

"குச்சி விட்டுப் பார்த்தாப் போதுமே" என்று என் வயதுக்காரர்கள் சிலர் சொல்கிறார்கள். நான்கு மணி இருட்டில், வளைந்த குழாய்க்குள் குச்சி டேங்க்கின் அடிவரை போகாது. கிலோமீட்டரைக் கணக்கு வைத்துக்கொள் என்பார்கள். ஒரு டன் ஏற்றிய நாளும் காலியாக ஓடிய நாளும் ஒரே அளவா குடிக்கும்?

பட்டறைக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் சொன்ன பதில் என்னைக் கொஞ்சம் குத்தியது. "அரை மணி நேரம் சோதிச்சுட்டு எர்த்தைத் தேய்ச்சு விட்டா நீங்க எவ்வளவு குடுப்பீங்க சார்? ஐம்பது ரூபா. பார்ட்டு மாத்தினா கேள்வி கேக்காம குடுக்கறீங்க." பொய் இல்லை. கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தால்தான் நமக்குக் காசு எடுக்க மனம் வருகிறது. சோதனைக்கு 300 ரூபாய் என்று போர்டு வையுங்கள், நான் தருகிறேன், என் எதிரே சோதியுங்கள் என்றேன். சிரித்தார். அதற்காக அந்த 4,200-ஐ நான் மன்னித்துவிடவில்லை.

இப்போது பக்கத்துத் தெரு வேன்காரர் வந்திருக்கிறார். அவர் வண்டியில் டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவாம். இரண்டு கேஜையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கேஜும் ஒரே நாளில் கெடுமா? பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே ஸ்டெபிலைசர்தான், பேட்டரியின் 12 வோல்ட்டைச் சுமார் 10-க்கு இறக்கித் தருவது. நாளை காலை காப்பி ஆனதும் முதலில் அதைப் பார்ப்பதாக இருக்கிறோம்.