58 வராவிட்டால் என்ன?

எளிதில் ஆவியாகும் திரவத்தின் மூலக்கூறு எடை காண வேதியியல் ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு. குடுவையில் சில மி.லி. அசிட்டோன் ஊற்றி, வாயை அலுமினியத் தாளால் மூடி, ஊசியால் ஒரு துளை போட்டு, கொதிநீரில் வைக்க வேண்டும். ஆவி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிக் குடுவையை நிரப்பும். மிச்சம் துளை வழியே போய்விடும். பிறகு குளிரவைத்து எடை பார்த்தால், குடுவை நிறைய இருந்த ஆவியின் எடை தெரியும். அதையும் வெப்பநிலை, அழுத்தம், கனஅளவையும் வாயுச் சமன்பாட்டில் போட்டால் விடை வந்துவிடும்.

புத்தகத்தில் விடை 58. சோதனையில் 50, 52 என்று வரும். உடனே என்ன நடக்கிறது? 58-லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எடையைத் திருத்தி எழுதும் மாணவர்கள் உண்டு. மதிப்பெண் விடைக்குத்தானே!

ஆனால் அந்தக் குறைவு வெறும் கைத்தவறு அல்ல. குளிர்ந்த பிறகும் கொஞ்சம் அசிட்டோன் ஆவியாகவே உள்ளே இருக்கிறது. 25 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் சுமார் 230 மி.மீ. அந்த அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வர முடியாது. காலிக் குடுவையில் இருந்த காற்று இப்போது முழுதாக இல்லாததால் எடை குறைகிறது. எண்ணைத் திருத்தியவருக்கு இது கடைசி வரை தெரியப்போவதில்லை.

ஆவியை நிறுத்துப் பார்க்கும் இந்த முறையை 1826-ல் தந்தவர் பிரான்சின் டூமா. அவருக்கே விடைகள் இடித்தன. கந்தக ஆவிக்கு எதிர்பார்த்ததைப்போல் 3 மடங்கு, பாஸ்பரசுக்கு 2 மடங்கு, பாதரசத்துக்குப் பாதி! அணுக் கொள்கையின் மீதே அவருக்கு நம்பிக்கை போயிற்று. ஆனாலும் எண்களை மாற்றாமல் வெளியிட்டார். 1858-ல் இத்தாலியின் கன்னிசாரோ விளக்கம் சொன்னார்: ஆவி நிலையில் ஒரு மூலக்கூறில் பாதரசத்துக்கு 1 அணு, பாஸ்பரசுக்கு 4, கந்தகத்துக்கு 6. இடித்த எண்கள்தான் சரியான எண்கள்!

வணிகவியலில் இருப்பாய்வு சமமாகவில்லை என்றால் தொகையைச் சுரண்டி மாற்றுவதில்லை. வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வைத்துவிட்டுப் பிழையைத் தேடுவார்கள். கணக்குப் பிள்ளைக்கு உள்ள இந்த ஒழுங்கு அறிவியல் மாணவனுக்கு வேண்டாமா?

ஒரு வழி இருக்கிறது. விடைக்குப் பாதி மதிப்பெண், வித்தியாசத்துக்குச் சொல்லும் காரணத்துக்குப் பாதி என்று வைத்தால் போதும். திருத்தி எழுதுபவருக்குத்தான் அப்போது நஷ்டம்.