விறகு அடுப்புக்காரருக்கு என்ன கவலை?

'எண்ணெய் வற்றினால் நகரம்தான் தவிக்கும். விறகெரித்து, நடந்தே மலையேறும் தேயிலைத் தோட்ட மக்களுக்கு என்ன கவலை?' என்கிறார்கள். இலங்கையின் 2022 எரிபொருள் தட்டுப்பாடு அதற்குள் மறந்துவிட்டதா? பறித்த கொழுந்து காத்திருக்காது. லொறிக்கு டீசல் இல்லையென்றால் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலேயே சூடேறிச் சிவந்துவிடும். அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்குத் தாவியது, நாட்சம்பளமோ 1000. லயத்து ரொட்டிக்கான கோதுமை கப்பலேறித்தான் வருகிறது. தேயிலைக்குப் போடும் யூரியாவோ பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் பிறப்பது. இதையும் கேளுங்கள்: ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 25.1 கோடி டொலர் கடனைத் தேயிலை கொடுத்தே அடைக்க 2021 டிசம்பரில் இலங்கை உடன்பட்டது. கூடை சுமக்கும் ஹட்டன் அக்காவுக்கும் எண்ணெய்க்கும் தொடர்பே இல்லையாம்!