துருவை வெல்லுமா புதுப் பாம்பன் பாலம்?

ராமேசுவரத்துக்கு ரெயிலில் போனவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் கடல். நடுவே ஒற்றைத் தண்டவாளம். முகத்தில் உப்புக் காற்று.

அந்தக் காற்று நமக்குச் சுகம். இரும்புக்கோ அது எமன்!

பழைய பாம்பன் பாலம் 1914-ம் ஆண்டு திறக்கப்பட்டது. 1964 டிசம்பரில் பெரும் புயல் அடித்தது. பாலத்தின் இரும்பு உத்திரங்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. ஆனாலும் 46 நாளில் பாலத்தைச் செப்பனிட்டு விட்டார்கள். ரெயில் மறுபடியும் ஓடியது.

புயலிலிருந்து மீண்ட அந்தப் பாலம், முதுமைக்கும் துருவுக்கும் தலைவணங்கியது. 2022 டிசம்பரில் அதன் மேல் ரெயில் ஓடுவது நிறுத்தப்பட்டது.

பக்கத்திலேயே புதுப் பாலம் எழுந்தது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி பிரதமர் மோடி அதைத் திறந்து வைத்தார். நீளம் 2 கிலோ மீட்டருக்கும் மேல். செலவு 500 கோடி ரூபாய்க்கும் மேல். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே மேலே உயர்ந்து வழி விடும்.

எல்லாம் சரி. இந்தப் பாலம் எத்தனை காலம் நிற்கும்?

துரு என்பது என்ன?

இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள பிராணவாயு. இந்த மூன்றும் சேர்ந்தால் துரு பிறக்கும். உப்பும் கூடிக்கொண்டால் துரு வேகமாகப் பரவும். அதனால்தான் உள்ளூரில் பல காலம் உழைக்கிற ஜன்னல் கம்பி, கடற்கரை ஊரில் சீக்கிரமே உதிர்ந்து போகிறது.

தண்ணீரும் காற்றும் இரும்பைத் தொடாமல் தடுக்க வேண்டும். அதற்கு ஒரு சட்டை போட வேண்டும். அந்தச் சட்டைதான் பூச்சு.

புதுப் பாலத்துக்கு மூன்று சட்டை போட்டிருக்கிறார்கள். முதலில் துத்தநாகம். அதன் மேல் எபாக்சி. அதற்கும் மேலே பாலிசிலாக்சேன் என்னும் உயர்ந்த ரகப் பூச்சு.

துத்தநாகத்தின் குணம் விசேஷமானது. மேல் பூச்சில் கீறல் விழுந்து உப்பு உள்ளே புகுந்தால், துத்தநாகம் முதலில் தன்னை அரிக்கக் கொடுக்கும். இரும்பைக் காப்பாற்றும். பிள்ளைக்கு வரும் அடியைத் தன் முதுகில் வாங்குகிற தாயைப் போல!

இந்தப் பூச்சு 38 ஆண்டுகள் பராமரிப்பு இல்லாமலே தாங்கும் என்று அரசு கூறுகிறது. சிறிது பராமரித்தால் 58 ஆண்டுகள் தாங்குமாம்.

ஆனால் 2024 நவம்பரில், பாலம் திறப்பதற்கு முன்பே, ரெயில் பாதுகாப்பு ஆணையர் அதைச் சோதித்தார். துருவைப் பற்றி அவரது அறிக்கை எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை மறந்து விடக் கூடாது.

பாரிஸ் சொல்லும் பாடம்

பாரிஸ் நகரின் ஈபிள் கோபுரம் முழுவதும் இரும்பு. 1889-ல் திறந்தார்கள். 20 ஆண்டுதான் இருக்க அனுமதி! இன்றும் நிற்கிறது.

காரணம் என்ன? சுமார் ஏழு ஆண்டுக்கு ஒரு முறை அதற்கு வர்ணம் அடிக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 60 டன் வர்ணம் தேவைப்படுகிறது. பூச்சு நின்றால் கோபுரமும் நிற்காது.

இது நமக்குப் புதிதா? இல்லை. நம் கோவில்களில் 12 ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு நடத்துவது வழக்கம். அதற்கு முன் கோபுரத்தின் சுதைச் சிற்பங்களைப் பழுது பார்த்து, புது வர்ணம் தீட்டுகிறார்கள். கட்டியதோடு கடமை முடியவில்லை, காப்பதும் கடமை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

திறப்பு விழாவுக்குப் பந்தலும் மாலையும் உண்டு. வர்ணம் அடிப்பவருக்கு மாலை போடுவார் யாரும் இல்லை. ஆகவே செலவைச் சுருக்க நினைக்கும்போது, பராமரிப்புப் பணத்தில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

உங்கள் வீடும் ஒரு பாலம்தான்

பாம்பனுக்குச் சொன்னது உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருத்துப் பெருகும். பருத்த துரு கான்கிரீட்டைப் பிளக்கும். ஒரு நாள் கூரைக் காரை பொத்தென்று விழும். கீழே குழந்தை படுத்திருந்தால்?

எனவே கூரையில் வெடிப்போ பழுப்புக் கறையோ தென்பட்டால் அலட்சியம் வேண்டாம். வெள்ளையடித்து மறைக்கவும் வேண்டாம். விவரம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.

ஜன்னல் கம்பிக்கு வர்ணம் அடிக்கும் முன் துருவை நன்றாகச் சுரண்டி எடுங்கள். பிறகு துருத் தடுப்புப் பூச்சு. அது காய்ந்த பின்தான் வர்ணம். துருவின் மேலேயே வர்ணம் அடித்தால், புண்ணை மூடிக் கட்டு போட்டது போல உள்ளே புரையோடும்.

பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரா? அதற்குச் சுண்ணாம்பே நல்ல சட்டை. தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாக இறுகுகிறது. சுவரின் ஈரம் வெளியேறவும் வழி விடுகிறது. பிளாஸ்டிக் வர்ணம் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் காரையை ஊதச் செய்யும்.

ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்பு ஊறும்போது கொதிக்கும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த நம் பாட்டிமார்கள் ரசாயனம் படித்தவர்கள் அல்ல. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை சுவரின் சட்டையை மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாம்பன் பாலத்துக்கும் அந்தப் பாட்டியின் கவனம் கிடைக்குமா? கிடைத்தால் நம் பேரப்பிள்ளைகளும் அந்தப் பாலத்தின் மேல் ரெயிலில் போவார்கள்.