படிவத்துக்குள் அடங்காத பனியன் கம்பெனி

சிறுதொழில் ஆய்வு இனி பெரிய தரவைக் கொண்டுதான் நடக்க வேண்டும், களத்தில் உட்கார்ந்து கேட்பதெல்லாம் கதை சேகரிப்பு என்கிறார்கள். இதை ஏற்கவே முடியாது.

திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். பனியன் கம்பெனியில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று படிவத்தை நீட்டினால், முதலாளி சம்பளப் பதிவேட்டில் இருப்பவர்களைத்தான் சொல்வார். கான்ட்ராக்டர் கூட்டிவரும் பவர் டேபிள் தையல் ஆட்கள், பீஸ் ரேட்டுக்குக் காஜா போடுபவர்கள், வீட்டிலிருந்தே பிசிறு வெட்டும் பெண்கள் எனப் பலரும் விடுபட்டுப்போவார்கள். ஆயிரம் கம்பெனிகளில் இப்படிக் கேட்டால் பிழைதான் ஆயிரம் மடங்காகும். மூடிப்போன கம்பெனிக்கோ படிவமே போகாது.

2004இல் திருப்பூர் பற்றி இரண்டு முக்கியமான ஆய்வுகள் வந்தன. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் கணக்கு வழியில் போனவர்கள். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தினரின் நிறுவனங்கள் கூடுதல் மூலதனம் போட்டிருந்தும், வெளியிலிருந்து வந்தவர்களின் நிறுவனங்களே வேகமாக வளர்ந்தன என்று காட்டினார்கள். ஷரத் சாரி களத்தில் தங்கி, தொழிலாளிகளாக இருந்து முதலாளிகளானவர்களின் வேளாண் பின்னணியையும் சாதி உறவையும் ஆராய்ந்தார். முதல் ஆய்வின் பலமும் உரிமையாளர் எந்தச் சமூகம் என்று கேட்கத் தெரிந்ததில்தான் இருக்கிறது. ஊரை அறியாதவருக்கு அந்தக் கேள்வி தோன்றியே இருக்காது.

களத்தில் சாய்வு வரும் என்பது உண்மை. படிவத்தில் மட்டும் வராதா? ஐந்து புள்ளி அளவுகோலில் டிக் அடித்து வாங்கி, மென்பொருளில் போட்டு ஆய்வேடு முடிக்கும் மாணவரை ஒரு மாதமாவது பட்டறைக்கு அனுப்புங்கள். வழிகாட்டியும் கூடவே போகட்டும்.