தேநீர் முதல் கொடி வரை

நம் வீட்டில் தேநீர் தயாரிப்பதைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டாகாத நாளே இல்லை. தண்ணீர் கொதிக்கும்போதே தேயிலையைப் போட்டுவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே போட வேண்டும் என்பது மற்றொரு கட்சி. பால் விஷயத்தில் மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. இந்த வழக்குகளை அப்பீல் செய்துகொள்வதற்கு உலகத்தில் ஓர் உயர்ந்த நியாயஸ்தலம் இருக்கிறது என்று அறிந்தபோது நமக்கு உண்டான ஆனந்தத்தை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

பிரிட்டிஷ் தர நிர்ணய ஸ்தாபனத்தார் 1980-ம் ஆண்டில் ஆறு பக்கங்கள் கொண்ட ஒரு சாஸனத்தை வெளியிட்டார்கள். அதன் இலக்கம் 6008. அதே ஆண்டில் சர்வதேச ஸ்தாபனத்தாரும் 3103 என்ற இலக்கமிட்டு அதே பொருளைப் பற்றி ஒரு சாஸனம் செய்தார்கள். பொருள் வேறொன்றுமில்லை, தேநீர் தயாரிக்கும் முறைதான்!

பாத்திரம் வெண்மையான பீங்கானாகவோ, மெருகிட்ட மண்ணாகவோ இருக்க வேண்டும். அதன் விளிம்பில் ஒரு பகுதி ரம்பத்தின் பல்லைப்போல் வெட்டப்பட்டிருக்க வேண்டும். மூடி இறுகப் பொருந்தாமல் சற்றுத் தளர்வாக அமைய வேண்டும். 100 மில்லி லிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை. அதிலும் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. கொதிநீரை விளிம்புவரை ஊற்றிவிடலாமோ என்றால், அதுவும் ஆகாது. விளிம்புக்கு 4 முதல் 6 மில்லி மீட்டர் கீழே நிறுத்திவிட வேண்டும். பிறகு மூடிவைத்து, ஆறு நிமிஷம் காத்திருக்க வேண்டும்.

பால் விஷயத்தில் சாஸனம் நமது மூன்றாவது கட்சிக்கே அனுகூலமாகத் தீர்ப்பளிக்கிறது. பாலைத்தான் கிண்ணத்தில் முதலில் ஊற்ற வேண்டும். சூடான தேநீரில் பின்னால் பாலை விட்டால் பால் கருகின வாடை வந்துவிடுமாம். ஆனால், "எங்கள் ஸ்தாபனத்தில் வழக்கம் வேறு" என்று சொல்பவர்களுக்கு விலக்கும் உண்டு! உலகத்துக்கே சட்டம் செய்யப் புறப்பட்டவர்கள்கூட மாமியார் வீட்டு வழக்கத்துக்கு மட்டும் பணிந்து போயிருப்பதைக் காண நமக்குப் பரம திருப்தியாயிற்று.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் சிரிப்புக்காகவே வழங்கப்படும் 'இக் நோபல்' என்ற பரிசுகள் இருக்கின்றன. 1999-ம் ஆண்டில் இலக்கியத்துக்கான அந்தப் பரிசு இந்த ஆறு பக்கச் சாஸனத்துக்குக் கிடைத்தது. நாமும் வயிறு குலுங்கச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் ஒரு விஷயம் புலனாயிற்று. ருசியான தேநீர் எது என்று அந்தச் சாஸனம் எங்குமே சொல்லவில்லை. பீகாரில் மோத்திஹாரியில் பிறந்து, ஆங்கில இலக்கியத்தில் புகழ் பெற்ற ஜார்ஜ் ஆர்வெல், 1946-ல் நல்ல தேநீருக்கென்று பதினொரு விதிகள் எழுதினார். அவருக்கு வேண்டியது ருசி. தர நிர்ணயக்காரர்களுக்கு வேண்டியது ஒப்புமை. குன்னூரில் ஒருவர் ஒரு தேயிலையை ருசி பார்க்கிறார். லண்டனில் ஒருவர் அதே தேயிலையை ருசி பார்க்கிறார். இருவருடைய பாத்திரமும் நீரும் நேரமும் வெவ்வேறாயிருந்தால், வித்தியாசம் இலையில் இருக்கிறதா, கொதிக்கவைத்த கையில் இருக்கிறதா என்று யார் சொல்ல முடியும்? தோட்டத்துக்காரனுக்குக் கிடைக்கும் விலையல்லவா அந்த ஒரு வாய்த் தேநீரைப் பொறுத்து நிற்கிறது?

வெள்ளரிக்காய்ச் சட்டமும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். 1988-ல் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தார் செய்த விதியின்படி, உயர்தர வெள்ளரிக்காய் 10 சென்டி மீட்டர் நீளத்துக்கு 10 மில்லி மீட்டருக்கு மேல் வளையக் கூடாது! பத்திரிகைகள் பல்லாண்டு காலம் இதைச் சொல்லிச் சிரித்தன. 2009 ஜூலை முதல் தேதியிலிருந்து விதியும் ஒழிந்தது. ஆனால் நேரான காய்கள் பெட்டியில் அடுக்குவதற்குச் சௌகரியம். திறந்து பார்க்காமலே எத்தனை காய் என்று கணக்கிட்டு விடலாம். கோணல் காயின் ருசியில் குறைவில்லை என்பது வேறு விஷயம். இந்தச் சட்டம் ஒழிந்ததில் நமக்கு வருத்தமில்லை.

அளவு என்பது வேடிக்கையல்ல என்பதை நம் பாட்டியார் நன்கு அறிந்திருந்தார். அரிசிக்காரன் படியைக் கொண்டுவந்தால், முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைத் தட்டிப் பார்ப்பார். அடித்தகடு உட்புறமாகப் புடைத்திருந்தால் படிக்கு ஒரு பிடி அரிசி போயிற்று. பணக்கார வீட்டில் ஒரு பிடி குறைந்தால் தெரியாது. கூலிக்காரன் வீட்டில் கடைசிக் குழந்தைக்குச் சோறு குறையும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களில், நெல் அளக்கும் மரக்காலுக்கும் பொன் நிறுக்கும் கல்லுக்கும் 'ஆடவல்லான்' என்று பெயர் காண்கிறது. நடராஜப் பெருமானுடைய திருநாமத்தையே அளவுக்குச் சூட்டியவர்கள், அளவில் கைவைப்பவன் யாரிடத்தில் கைவைக்கிறான் என்பதை உணர்த்தத்தான் அப்படிச் செய்தார்களோ என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி நம்முடைய தேசத்தின் விஷயத்துக்கு வருவோம். சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, 1947 ஜனவரியில், இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் வேலை தொடங்கிவிட்டது. சிமெண்டு, இரும்பு, மண்ணெண்ணெய் என்று எத்தனையோ பொருள்கள் தரத்துக்குக் காத்துக்கொண்டிருந்தன. அவற்றுள் முதல் இலக்கத்தை எதற்குக் கொடுத்தார்கள்? 1951-ல் வெளியான அந்த 1-ம் இலக்கச் சாஸனம் தேசியக் கொடியைப் பற்றியது.

தேநீர்ச் சாஸனத்துக்கு இது எவ்வகையிலும் இளைத்ததல்ல. கொடியின் நீளமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு என்ற வீதத்தில் இருக்க வேண்டும். ஒன்பது அளவுகளுக்கு மட்டுமே அநுமதி. பெரியது 6,300 மில்லி மீட்டர் நீளமும் 4,200 மில்லி மீட்டர் அகலமும் உள்ளது. மேஜைமேல் வைக்கும் சிறியது 150-க்கு 100. மோட்டார் வண்டிக்கு ஓர் அளவு, ஆகாய விமானத்துக்கு ஓர் அளவு. காவியும் பச்சையும் எவ்வளவு ஒளியுடையனவாக இருக்க வேண்டும், வெயிலிலும் சலவையிலும் எவ்வளவு தாக்குப் பிடிக்க வேண்டும், கட்டும் கயிறு எப்படியிருக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. சக்கரத்துக்கு 24 ஆரங்கள். இரு பக்கத்திலிருந்தும் தெரிய வேண்டும்.

இவையெல்லாவற்றிலும் நம் மனத்தைத் தொட்டது துணியைப் பற்றிய விதி. 1931-ல் காங்கிரஸ் மகாசபை ஏற்றுக்கொண்ட கொடியின் நடுவில் ராட்டை இருந்தது. 1947 ஜூலை 22-ந் தேதி அரசியல் நிர்ணய சபை ஏற்ற கொடியில் ராட்டையின் இடத்தில் அசோக சக்கரம் வந்தது. ராட்டை போய்விட்டதே என்று அன்று வருந்தியவர்கள் உண்டு. ஆனால், கொடித் துணி கையால் நூற்றுக் கையால் நெய்த கதராக இருக்க வேண்டும் என்று தர நிர்ணயக்காரர்கள் எழுதியபோது, கொடியின் மேலிருந்து மறைந்த ராட்டை அதன் இழைக்குள்ளே புகுந்துகொண்டது. கர்நாடகத்தில் ஹூப்ளியை அடுத்த பெங்கேரி என்ற இடத்தில் உள்ள கதர்ச் சங்கத்தார் அந்த விதிப்படி கொடி செய்து வருகிறார்கள். தையல் வேலையில் பெரும்பாலோர் ஸ்திரீகள். அளவு பிசகினாலும் சாயம் பிசகினாலும் துணி கழிக்கப்படும். அந்தக் கண்டிப்புத்தான் இத்தனை காலமும் அவர்களுடைய ஜீவனத்துக்குக் காவலாயிருந்தது.

2021 டிசம்பரில் சர்க்கார் கொடி விதிகளைத் திருத்தி, இயந்திரத்தில் நெய்த துணிக்கும் பாலியெஸ்டருக்கும் இடம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி பறந்தது. மலிவான கொடி இல்லாமல் அது நடந்திராது என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். ஏழையின் குடிசையிலும் கொடி பறப்பது சந்தோஷமே. ஆனால் கதர்த் தொழிலாளர்கள் ஆட்சேபித்ததிலும் நியாயம் இருக்கிறது. கொடியை வாங்குகிற ஏழைக்குச் சலுகை காட்டியவர்கள், கொடியை நூற்கிற ஏழைக்கு என்ன வழி செய்தார்கள்?

சுதந்திர தினத்தன்று தெருவில் விற்ற கொடி ஒன்றை வாங்கிவந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரங்களை எண்ணினோம். 22 இருந்தன. வீட்டிலுள்ளவர்களைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னோம். தேநீரில் ஒருநாளும் ஒத்துப்போகாத மூன்று கட்சியும் அன்று ஒரே கணக்கைச் சொல்லிற்று. கதர்க் கொடி ஒன்று வேண்டுமென்று எழுதிப் போட்டிருக்கிறோம். விலை சற்று அதிகந்தான்.