எந்தத் தகடு எலும்பைக் கூட்டும்?

மதுரைச் சீமையில் தொடை முறிந்தவனுக்கு மூன்று தகடுகள் காத்துக் கொண்டிருக்கின்றன. ஒன்று, மந்திரவாதி கீறிக் கொடுக்கும் செப்புத் தகடு. இரண்டு, கால் உருவம் அடித்துக் கோயில் வாசலில் விற்கும் வெள்ளித் தகடு. மூன்று, ஆஸ்பத்திரியில் டாக்டர் எலும்போடு சேர்த்துத் திருகும் எஃகுத் தகடு. முதல் தகடு இடுப்புக் கயிற்றுக்கும், இரண்டாவது உண்டியலுக்கும், மூன்றாவது முறிந்த எலும்புக்கும் போய்ச் சேருகின்றன. இவற்றில் எது எலும்பைக் கூட்டும் என்று சொல்ல வேதமும் வேண்டியதில்லை, சாஸ்திரமும் வேண்டியதில்லை. முறிந்தது எங்கே என்று பார்த்தாலே போதும்.

மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ கொத்து வேலைக்கு வரும் ஒரு தோழர் மோட்டார் சைக்கிளோடு ரோட்டில் விழுந்து, முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு நொறுங்கி விட்டதாக வைத்துக் கொள்வோம். கூடி நிற்கின்றவர்கள் என்ன சொல்லுகின்றார்கள்? ஒருவர் "தலைவிதி" என்கின்றார். ஒருவர் "அஷ்டமத்துச் சனி" என்கின்றார். மற்றொருவர் "குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை" என்கின்றார். ரோட்டில் கிடந்த குழியைப் பற்றி மாத்திரம் ஒருவரும் பேசுவதில்லை. குழிக்குப் பொறுப்பாளி உண்டு. விதிக்குப் பொறுப்பாளி கிடையாது. குழிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு விதியைவிடச் சௌகரியமான சொல் வேறு என்ன இருக்கின்றது?

நிற்க, தொடை எலும்பென்பது சரீரத்திலேயே பெரிய எலும்பு. அதைச் சுற்றியுள்ள சதைகள் மிகவும் பலமானவை. எலும்பு முறிந்தவுடன் அச்சதைகள் இரு முனைகளையும் இழுத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி விடுகின்றன. கால் குட்டையாகி விடுகின்றது. அன்றியும், தோல் கிழியாமலே தொடைக்குள் 1 லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை ரத்தம் கசிந்து விடக் கூடும். இந்த நிலையில் எண்ணெய் தடவி, முட்டை வெள்ளைக்கரு பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினால் அந்தச் சதையின் இழுப்பு நின்று விடுமா? கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் நின்று பாதம் கறுத்துப் போகும். பிறகு, எலும்பை மாத்திரம் சேர்க்க வேண்டிய இடத்தில் காலையே எடுக்க வேண்டியதாகும்.

"புத்தூர் கட்டுக் கட்டிப் பிழைத்தவர்கள் இல்லையா?" என்று சிலர் கேட்கக் கூடும். இருக்கின்றார்கள். சின்ன எலும்பில் விலகாத விரிசலானால் அசையாமல் வைத்தாலே அநேகமாகக் கூடி விடும். அதைக் கொண்டு தொடை எலும்பையும் ஒப்புக் கொடுப்பது, வாய்க்காலைத் தாண்டியவன் கடலையும் தாண்டுவான் என்பது போலாகும். கட்டுக் கட்டுகின்றவரை இழிவாகப் பேசுவது நமது நோக்கமல்ல. இங்கிலாந்தில் வைத்தியம் செய்த ஹியூ ஓவன் தாமஸ் என்பவர் பரம்பரை பரம்பரையாய் எலும்பு கட்டிவந்த குடும்பத்திலே பிறந்தவர்தான். அவர் "எங்கள் பாட்டன் சொன்னது" என்று உட்கார்ந்து விடாமல் வைத்தியக் கல்லூரிக்குப் போய்ப் படித்தார். அவர் செய்த தொடைச் சட்டம் 1914-18 யுத்தத்தில் எண்ணற்ற சிப்பாய்களின் உயிரைக் காத்தது. பரம்பரை குற்றமல்ல, பரீட்சைக்கு வர மறுப்பதுதான் குற்றம்.

எஃகுத் தகடும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1886-இல் ஜெர்மனியில் ஹான்ஸ்மன் என்ற டாக்டர் எலும்பில் தகடு வைத்த முறையை வெளியிட்டார். பழைய தகடு, திருகாணியால் எலும்போடு அழுத்தி நிறுத்தப்படுவது. வயோதிகரின் பொருபொருத்த எலும்பில் திருகாணி தளர்ந்து போகும். அழுத்தத்தினால் எலும்பின் மேலுறையில் ஓடும் ரத்தமும் தடைப்படும். இக்குறைகளைக் கண்டவர்கள் பரிகாரம் தேடி ராமேஸ்வரம் போகவில்லை. திருகாணியின் தலையிலும் மரை வெட்டினார்கள். தகட்டின் துவாரத்திலும் மரை வெட்டினார்கள். இரண்டும் பூட்டிக் கொண்டு ஒரே சட்டமாய் நின்றன. எலும்பை நெரிக்க வேண்டிய அவசியம் குறைந்தது. இதுதான் 2000-ஆம் வருஷத்தையொட்டிப் பரவிய லாக்கிங் பிளேட். எல்லா முறிவுக்கும் இதுவே என்று நாம் சொல்லவில்லை. தொடையின் நடுவில் முறிந்தால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் எலும்பின் உள்ளே கம்பி செலுத்துவார்கள். சிறு குழந்தைகளுக்கு மாவுக்கட்டே போதியதாக இருக்கலாம். எது வேண்டும் என்று எக்ஸ்ரே சொல்லட்டும். சோழி சொல்ல வேண்டாம்.

நமக்கு விதியைப் போதிக்கின்றவர்கள் தங்கள் கால் முறிந்தால் எங்கே போகின்றார்கள் என்று கவனியுங்கள். ஜாதகம் கணிக்கின்றவரும், பிரசங்கம் செய்கின்றவரும் நேரே ஆப்பரேஷன் மேஜைக்குப் போகின்றார்கள். பணக்காரன் கர்மத்தை டைட்டானியம் மாற்றும். ஏழை கர்மத்தை மாத்திரம் மாற்றாதா?

இனி விலையைப் பற்றி. 2017-இல் இந்திய சர்க்கார் இருதய ஸ்டென்டுக்கும், செயற்கை முழங்காலுக்கும் உச்ச விலை கட்டினார்கள். நல்ல காரியமே. ஆனால் அவ்வுத்தரவுகளில் கூலிக்காரனின் நொறுங்கிய தொடைக்கு வேண்டிய தகட்டுக்கு இடமில்லாமற் போனதேன்? விலை குறையாது என்று சொல்லுகின்றவர்கள் மதுரைக்கே வந்து பார்க்கட்டும். அயல்நாட்டு விலையில் ஏழைக்கு எட்டாமலிருந்த கண் லென்ஸை, 1992-இல் இங்கே தொடங்கிய ஆரோலேப் செய்து மலிவாக்கிக் காட்டியது. கண்ணுக்குச் செய்த ஊர் காலுக்குச் செய்ய முடியாதா?

ஆகவே தோழர்களே! தொடை முறிந்தால் காலை இழுத்து நிமிர்த்தாதீர்கள். அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மதுரையில் பழைய எர்ஸ்கின் ஆஸ்பத்திரி, இன்றைய ராஜாஜி சர்க்கார் ஆஸ்பத்திரி, உங்கள் வரிப்பணத்தில் நடப்பது. ரோட்டு விபத்தில் முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சைக்காக 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் ஏற்படுத்திய திட்டத்தையும், முதலமைச்சர் காப்பீட்டையும் பிச்சையாகக் கேட்காதீர்கள், உரிமையாகக் கேளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியானால் தகட்டின் பெயரையும் விலையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கால் ஊன்றுவது எப்போது என்பதை டாக்டரிடம் கேளுங்கள். ஜோசியர் குறித்த நல்ல நாளில் முந்தி ஊன்றினால் தகடும் முறியும்.

வெள்ளிக் காலை உண்டியலில் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே வீடு திரும்புவதில் என்ன பக்தி இருக்கின்றதோ நமக்குத் தெரியாது. அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டிச் சத்தத்துக்குக் கொடுத்தால், உங்கள் சொந்தக் காலில் திரும்பி வரலாம்.