முதலில் வந்தவரும் வென்றவரும்

மளிகை வியாபாரிக்குப் படகுப் பந்தயம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று சிட்னியிலிருந்து ஹோபார்ட்டுக்குப் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கிறது. தூரம் 628 கடல் மைல், அதாவது சுமார் 1,160 கிலோமீட்டர். தொடங்கியது 1945இல், உலகப் போர் முடிந்த கையோடு. பீட்டர் லூக் என்பவரும் நண்பர்களும் ஹோபார்ட்டுக்கு உல்லாசமாகப் போய்வரத்தான் திட்டமிட்டிருந்தனர். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி இல்லிங்வொர்த்தையும் கூப்பிட்டார்கள். அவரோ, பந்தயமாகவே வைத்துவிடலாமே என்றார். வெளியூர்க்காரர் சொன்ன யோசனை என்று தள்ளாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

புறப்பட்டவை ஒன்பது படகுகள். வழியில் புயல். இல்லிங்வொர்த்தின் சிறிய படகை விமானத்தில் தேடியும் காணவில்லை. போய்விட்டது என்றே நினைத்தார்கள். அதுதான் 6 நாள் 14 மணி 22 நிமிடத்தில் முதலில் வந்து சேர்ந்தது. படகின் பெயர் 'ராணி'! லூக்கின் படகுக்கு 11 நாளுக்கு மேல் ஆயிற்று. (விளையாட்டுத்தானே என்று எண்ண வேண்டாம். 1998 புயலில் ஆறு பேர் மாண்டனர்.)

என்னைக் கவர்ந்தது அங்குள்ள கணக்கு. முதலில் வருபவருக்குப் பெருமை உண்டு. ஆனால் பெரிய கோப்பை அவருக்கென்று இல்லை. படகின் நீளம், பாயின் அளவு எல்லாம் பார்த்து ஓர் எண் கொடுத்து, ஓடிய நேரத்தை அதனால் பெருக்கி, யாருக்குக் குறைவோ அவருக்கே கோப்பை. 2006இல் முதலில் வந்தது 'வைல்ட் ஓட்ஸ் பதினொன்று' என்னும் பெரும் படகு. கோப்பையைக் கொண்டுபோனது அதில் பாதி நீளமே உள்ள 'லவ் அண்ட் வார்'. 1974இலும் 1978இலும் வென்ற பழைய படகு அது!

நம் சங்கத்தில் மொத்த வியாபாரியான எனக்கும் ஆண்டுச் சந்தா அதே தொகை; பெட்டிக்கடைக்காரருக்கும் அதே தொகை. 'எல்லாரும் சமம்' என்கிறோம். எனக்கு அது ஒரு மூட்டைச் சர்க்கரையின் லாபம். அவருக்கோ ஒரு வார வீட்டுச் செலவு. பாக்கி வைத்தார் என்று போன ஆண்டு சிலர் பெயரை அடித்தோம். அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

விற்றுமுதலைப் பார்த்துச் சந்தா வைக்க வேண்டும் என்று வரும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறேன். என் பங்கு கூடும் என்று தெரிந்தேதான். மொத்தக் கடை நண்பர்கள் கோபிக்காமல் வந்து பேசுங்கள்.